தினசரி சொற்புதிர்: எந்த எழுத்து எங்கே நிற்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

ஒளிந்திருக்கும் ஒரு சொல்லை ஊகிக்க ஐந்து பெட்டி, ஆறு வாய்ப்பு, பச்சை மஞ்சள் சாம்பல் என்று மூன்று நிறம். பச்சை என்றால் எழுத்தும் இடமும் சரி, மஞ்சள் என்றால் எழுத்து உண்டு ஆனால் வேறு இடத்தில், சாம்பல் என்றால் அந்த எழுத்து இல்லை. ஜாஷ் வார்டில் உருவாக்கி 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட வேர்டில் விளையாட்டை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அந்த வடிவம் பல மொழிகளுக்குப் பரவி தமிழுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதை எப்படி ஆடுவது என்று சுற்றிவரும் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. "உயிரெழுத்து நிறைய இருக்கும் சொல்லில் தொடங்குங்கள்" என்பது அதில் முதல் குறிப்பு. தமிழில் அதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் தமிழில் உயிரெழுத்து முதல் பெட்டியில் மட்டும்தான் நிற்கும். செய்யுளில் வரும் அளபெடையை விட்டால் நடுவிலோ கடைசியிலோ தனி உயிர் வருவதில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், எழுத்து திரும்ப வராத இரண்டு சொற்களைப் போட்டால் 10 எழுத்துகளைச் சோதித்துவிடலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. அதே இரண்டு சொற்களில் நீங்கள் தொடுவது 247-இல் 10. சல்லடை போட்டுச் சலித்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தால் ஆறு வாய்ப்பும் போய்விடும். அதற்குப் பதில் தமிழ் நமக்கு வேறொரு வசதி தருகிறது: எந்த எழுத்து எங்கே வரலாம், எதற்குப் பின்னால் எது வரலாம் என்பதில் தமிழ் மிகவும் கறாரான மொழி. பள்ளியில் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்தோமே, அதுதான் இங்கே ஆயுதம்.

முதலில் ஆட்டத்தின் விதியைப் பாருங்கள்

இதில் அரை நிமிடம் செலவழித்தால் போதும். புள்ளி வைத்த மெய்யை ஒரு பெட்டியாக எண்ணுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் எண்ணுவார்கள், அப்படியானால் "தண்ணீர்" நான்கெழுத்து, "வருத்தம்" ஐந்தெழுத்து. விசைப்பலகையில் ஜ, ஷ, ஸ, ஹ இருந்தால் வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் விடையாக வர வாய்ப்புண்டு, கீழே சொல்லும் விதிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். கடைசியாக, உயிர்மெய்யில் மெய் மட்டும் பொருந்தினால் (விடையில் தி, நீங்கள் போட்டது து) அதற்குத் தனி அடையாளம் காட்டுகிறார்களா என்று பாருங்கள். காட்டினால் ஆட்டம் பாதி எளிது. காட்டாவிட்டால் த், த, தி, து நான்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு எழுத்துகள். புதிதாக ஆடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். த் சாம்பலானதும் "சரி, தகரமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். த் இல்லை, அவ்வளவுதான். த இருக்கலாம், தை இருக்கலாம்.

புள்ளி எங்கே என்று கேளுங்கள்

எழுத்தைத் தேடுவதற்கு முன்னால் சொல்லின் எலும்புக்கூட்டைத் தேட வேண்டும், அதாவது ஐந்து பெட்டியில் எந்தெந்தப் பெட்டியில் புள்ளி எழுத்து என்று. மெய் முதல் பெட்டியில் வராது. கடைசிப் பெட்டி மெய் என்றால் அதற்கு முந்தைய பெட்டி மெய்யாக இருக்காது. நடுவில் இரண்டு மெய் அடுத்தடுத்து வர வேண்டுமென்றால் அதில் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: மகிழ்ச்சி, வளர்ச்சி, வாய்ப்பாடு. இந்த மூன்றும் தெரிந்தாலே ஐந்தெழுத்துச் சொற்கள் சில வார்ப்புகளுக்குள் அடங்கிவிடும்.

மூன்றிலும் ஐந்திலும் புள்ளி: வருத்தம், திருப்பம், வெளிச்சம். இதுதான் கூட்டம் அதிகமுள்ள வகை.
இரண்டிலும் ஐந்திலும் புள்ளி: பந்தயம், மந்திரம், கண்டனம், பட்டியல்.
இரண்டிலும் நான்கிலும்: நம்பிக்கை, கற்கண்டு.
மூன்றிலும் நான்கிலும்: மகிழ்ச்சி, வளர்ச்சி.
நான்கில் மட்டும்: வரவேற்பு. ஐந்தில் மட்டும்: கலவரம், நிலவரம்.

இன்னும் சில உண்டு, ஆனால் நாள்தோறும் வரும் புதிர்களுக்கு இவை பெரும்பாலும் போதும்.

தொடக்கச் சொல்

ஆளுக்கொரு ராசியான சொல் வைத்திருப்பார்கள், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ராசியைவிடப் புள்ளி முக்கியம். தமிழ்ப் பெயர்ச்சொற்களின் கடைசியில் ம் அவ்வளவு அதிகம் வருவதால் முதல் சொல் ம்-இல் முடிய வேண்டும், நடுவில் இன்னொரு மெய்யும் இருக்க வேண்டும், மற்ற எழுத்துகள் சாதாரணமாக எங்கும் புழங்குபவையாக இருக்க வேண்டும். "வருத்தம்" நல்ல சொல். வ முதலிலும் நடுவிலும் வரும், ரு முதலைத் தவிர எங்கும் வரும், த்-உம் த-உம் தனித்தனியாகச் சோதனையாகிவிடும், ம் இருக்கிறதா என்று உடனே தெரியும். "கட்டடம்" மாதிரி ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல்லில் தொடங்காதீர்கள், ஒரு பெட்டி வீணாகும்.

ம் பச்சையானால் சொல்லின் வால் கையில் வந்துவிட்டது. ம் மஞ்சளானால் அது இன்னும் சுவாரசியம்: விடையில் ம் உண்டு, ஆனால் கடைசியில் இல்லை, முதலிலும் இருக்க முடியாது, எனவே நடுவில். நடுவில் ம் வந்தால் அடுத்த எழுத்து ஏறக்குறைய எப்போதும் பகர வரிசை அல்லது மகர வரிசை. ஒரு மஞ்சள் பெட்டி அதற்குப் பக்கத்துப் பெட்டியையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கிறது, ஆங்கிலத்தில் இவ்வளவு தாராளமாக ஒரு மஞ்சள் பேசாது. ம் சாம்பலானால் அடுத்ததாக ல்-இல் முடியும் "பட்டியல்" போன்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள்; அதுவும் இல்லையென்றால் முடிவு பெரும்பாலும் ன், ர், ள், ய் இவற்றில் ஒன்று, அல்லது பு, து, கை, மை, சி போன்ற உயிர்மெய்.

கடைசியில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய் வராது, பேங்க் மாதிரி வந்தேறிய சொற்களை விட்டால். முதலில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் வராது. ரயில், லாரி, டயர் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், சொல்லின் முதலில் வரும் மெய்கள் என்று க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங பத்தைச் சொல்கிறது. நடைமுறையில் ங-வை மறந்துவிடலாம், ஞ எப்போதாவதுதான். ஆகவே முதல் பெட்டிக்கு உயிரெழுத்துகளும் எட்டு வரிசைகளும் மட்டும் மிச்சம், அதிலும் வகரத்தில் வு, வூ, வொ, வோ முதலில் வராது.

பின்னால் வருவது யார்

மெய்ம்மயக்கத்தை முழுக்கப் படிக்க வேண்டாம். புதிருக்கு வேண்டியது இவ்வளவு:

க், ச், த், ப் இந்த நான்கும் தன் வரிசையைத் தவிர வேறு எதையும் பின்னால் சேர்த்துக்கொள்ளாது. க் தெரிந்தால் அடுத்த பெட்டி க வரிசை, பேச்சே இல்லை. பக்தி, சக்தி, சப்தம் போன்றவை வடமொழி வழி வந்தவை, விதிவிலக்கு.

ங்-க்குப் பின் க, ஞ்-க்குப் பின் ச, ந்-க்குப் பின் த. விஞ்ஞானம், செந்நீர் என்று ஒன்றிரண்டு தப்பும், கவலைப்பட வேண்டாம்.

ட்-க்குப் பின் ட, க, ச, ப: பட்டு, வெட்கம், கட்சி, நட்பு. ற்-க்குப் பின் ற, க, ச, ப: காற்று, கற்க, முயற்சி, கற்பனை.

டகரத்துக்கு முன் ண் நிற்கும், ன் நிற்காது. றகரத்துக்கு முன் ன் நிற்கும், ண் நிற்காது. கிண்டல், தென்றல். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று தடுமாறுபவர்களுக்குப் புதிருக்கு வெளியேயும் இது உதவும்.

ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. அதைவிடப் பயனுள்ளது தொல்காப்பியம் சொல்லும் ஒரு விதி: தனிக்குறிலை அடுத்து ர்-உம் ழ்-உம் வராது. அதாவது இரண்டாம் பெட்டியில் ர் அல்லது ழ் பச்சையானால் முதல் பெட்டி நெடில்: ஆர்வம், தீர்மானம், வாழ்க்கை. தர்மம், அர்த்தம், கர்வம் மாதிரிச் சொற்கள் இதை மீறும், அவை வடசொற்கள். ஆனாலும் முதலில் நெடிலைப் பாருங்கள், அப்புறம் இவற்றுக்கு வாருங்கள்.

எகரமும் ஒகரமும் ஏறிய உயிர்மெய்கள் (கெ, பொ, தொ மாதிரி) முதல் பெட்டியில்தான் புழங்கும். பிற இடங்களில் வந்தால் அது பெரும்பாலும் இரண்டு சொல் சேர்ந்த கூட்டுச்சொல். எனவே இரண்டாம் பெட்டி முதல் அ, ஆ, இ, உ, ஐ ஏறிய எழுத்துகளையே முதலில் முயலுங்கள்.

ஒரு புதிரை ஆடிப் பார்ப்போம்

விடை தெரியாது என்று வைத்துக்கொள்வோம். முதலில் "வருத்தம்". வ, ரு, த் மூன்றும் சாம்பல். த மஞ்சள். ம் பச்சை.

இப்போது என்ன தெரியும்? முடிவு ம். அதற்கு முந்தைய நான்காம் பெட்டி மெய் இல்லை, த-வும் இல்லை. த இருக்கும் இடம் ஒன்று, இரண்டு, மூன்று இவற்றில் ஒன்று. மூன்றாம் பெட்டியில் த இருந்தால் அதற்கு முன் த் இருக்க முடியாது, அது சாம்பலாகிவிட்டது; ஆகவே ந் வர நல்ல வாய்ப்பு. இதைச் சோதிக்கவே "பந்தயம்".

ப சாம்பல், ந் சாம்பல், த மறுபடி மஞ்சள், ய மஞ்சள், ம் பச்சை. ஆக த முதல் பெட்டியிலோ இரண்டாம் பெட்டியிலோ இருக்கிறது, ய முதல் மூன்றுக்குள். "?தய?ம்" என்ற வார்ப்பில் எதுவும் தோன்றவில்லை, "தய??ம்" நன்றாகப் பொருந்துகிறது. மூன்றில் மெய்யும் நான்கில் அதன் உயிர்மெய்யும் வைத்தால் தயக்கம். மூன்றாவது வாய்ப்பில் ஆட்டம் முடிந்தது. கவனியுங்கள், க் என்ற எழுத்தை நாம் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. எலும்புக்கூடுதான் அதைக் கொண்டுவந்து நிறுத்தியது.

"க்கம்" என்ற பொறி

தயக்கத்தை நாம் தலைப்பக்கத்திலிருந்து பிடித்ததால் தப்பித்தோம். வால்பக்கத்திலிருந்து பிடித்திருந்தால் மாட்டியிருப்போம். "??க்கம்" என்று மூன்று பச்சை விழுந்ததும் மனம் குளிர்ந்துவிடும், ஆனால் பட்டியலைப் பாருங்கள்: பழக்கம், வழக்கம், முழக்கம், புழக்கம், தயக்கம், மயக்கம், இயக்கம், விளக்கம், கலக்கம், இரக்கம், வணக்கம், இணக்கம், தொடக்கம், முடக்கம், அடக்கம், நடுக்கம், ஒழுக்கம், உறக்கம், நெருக்கம், சுருக்கம், பெருக்கம், துவக்கம். 22 சொற்கள், நான் விட்டதும் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் நான்கு வாய்ப்பில் நான்கைத்தான் பார்க்க முடியும்.

இங்கே செய்ய வேண்டியது, விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே போடுவது. பலருக்கு இதற்கு மனம் வராது, ஒரு வாய்ப்பைத் தூக்கி எறிகிறோமே என்று தோன்றும். ஐந்து பெட்டி, மூன்று நிறம், கணக்குப்படி 243 நிறக்கோலங்கள் (நான்கு பச்சையும் ஒரு மஞ்சளும் வர முடியாது என்பதால் உண்மையில் 238). மிச்சமிருக்கும் சொற்களை எத்தனை சிறு குவியல்களாகப் பிரிக்கிறது என்பதுதான் ஒரு முயற்சியின் மதிப்பு. விடையாகவே இருக்கக்கூடிய "பழக்கம்" போட்டால் கிடைப்பது கொஞ்சம். "இருதயம்" போட்டுப் பாருங்கள். இ பச்சை, ய மஞ்சள் என்றால் இயக்கம். த, ய இரண்டும் மஞ்சள் என்றால் தயக்கம். ய மட்டும் மஞ்சள், மயக்கம். இ மட்டும் பச்சை, இரக்கமோ இணக்கமோ. ரு பச்சை, நெருக்கம், சுருக்கம், பெருக்கம் மூன்றில் ஒன்று. இவை எதுவும் இல்லையென்றால் 22 பேர் 14 ஆகிவிட்டார்கள். அடுத்து "அழகியல்" போட்டால் ழ பச்சையாகி பழக்கம், வழக்கம், முழக்கம், புழக்கம் என்ற நால்வரும், அ பச்சையாகி அடக்கமும் பிரிந்துவிடும்.

நான்கெழுத்துப் புதிரில் இதே பொறி "?டிப்பு" வடிவில் வரும்: நடிப்பு, படிப்பு, துடிப்பு, பிடிப்பு, வெடிப்பு. இதற்குப் "பருந்து" போடலாம், ப பச்சையா து மஞ்சளா என்று ஒரே வீச்சில் தெரியும். இரண்டும் இல்லையென்றால் மிச்சம் மூன்று.

கிடைத்த குறிப்பைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்ற கடின முறையில் ஆடுபவர்களுக்கு இந்த உபாயம் கிடையாது. அவர்கள் வாலைத் தேடிப் போகாமல் முதல் இரண்டு பெட்டியை முதலில் உறுதிசெய்துகொள்வதே நல்லது. அதிலும் இரண்டாம் பெட்டிதான் பேசும் பெட்டி, ழ, ய, ட, ரு என்று குடும்பத்தைக் கிளைகளாகப் பிரிப்பது அதுதான்.

ஒரே எழுத்து இரண்டு முறை வரும் விஷயம்: நீங்கள் ஓர் எழுத்தை இரண்டு இடத்தில் போட்டு ஒன்று நிறமேறி மற்றது சாம்பலானால், விடையில் அது ஒரே ஒரு முறைதான் இருக்கிறது என்று பொருள். அந்த எழுத்தே இல்லை என்று படித்துவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் ஆடுபவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். வேர்டிலின் தொடக்கப் பட்டியலில் விடைச்சொற்கள் 2,315. அவற்றில் அதிகம் வருவது ஈ, அடுத்து ஏ, ஆர், ஓ, டி (T). சொல்லின் முதலில் அதிகம் வருவது எஸ், கடைசியில் ஈ. அதனால்தான் ஸ்லேட், கிரேன் போன்ற சொற்களில் தொடங்கச் சொல்கிறார்கள். அங்கே எழுத்துகளைச் சலிக்கும் முறை செல்லும், இடத்தைப் பற்றிய கறார் குறைவு.

கலைந்த எழுத்துகள்

எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்துச் சொல்லாக்கு என்னும் புதிருக்கும் இதே அறிவு போதும், வேகமாகவே வேலை செய்யும். கி, இ, ம், ல, க், ய என்று ஆறு எழுத்து. உயிர் ஒன்று இருக்கிறது, அதை முதலில் வைத்துவிடுங்கள், அதற்கு வேறு இடமே இல்லை. க்-க்குப் பின் ககர வரிசைதான், இருப்பது கி மட்டும், ஆகவே "க்கி" ஒரே கட்டை, பிரிக்க வேண்டாம். ம்-க்குப் பின்னால் வர ப வரிசையும் இல்லை, ம வரிசையும் இல்லை, அதனால் அது கடைசிக்குப் போகட்டும். மிச்சம் ல, ய இரண்டும்; இலக்கியம்.

எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வெறித்துப் பார்ப்பதைவிட இப்படி ஒட்டிக்கொள்ளும் கட்டைகளை முதலில் ஒட்டிவிடுவது மேல்: ண்டு, ந்து, ப்பு, ற்சி, ச்சி, க்கை. சில எழுத்துகளைக் கொடுத்து, அவற்றில் ஒன்று கட்டாயம் வரும்படி முடிந்தவரை சொற்களை உருவாக்கச் சொல்லும் புதிரில் ஒரு வேரைப் பிடித்தால் அதன் கிளைகளை எல்லாம் அடுத்தடுத்துப் போட்டுவிடுங்கள்: படி கிடைத்தால் படிப்பு, நட கிடைத்தால் நடை, நடப்பு. வேறு வேருக்குத் தாவிவிட்டுத் திரும்பி வந்தால் ஏதாவது விட்டுப்போகும்.

குறுக்கெழுத்து

நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் வெளியிட்ட கட்டத்திலிருந்து தொடங்கிய வடிவம் இது. சாதாரணக் குறுக்கெழுத்தில் ஒரு சொல்லின் மெய்யெழுத்து விழும் கட்டத்தை முதலில் கவனியுங்கள். அந்தக் கட்டத்தில் குறுக்கே செல்லும் சொல் தொடங்க முடியாது, எனவே எண் போட்ட கட்டத்தில் உங்கள் விடை ஒரு மெய்யைக் கொண்டுவந்து வைத்தால், அந்த எண்ணிலிருந்து இன்னொரு சொல் புறப்படுகிறதா என்று பாருங்கள். புறப்பட்டால் உங்கள் விடை தவறு.

சங்கேதக் குறிப்புள்ள குறுக்கெழுத்தில் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கும், ஒன்று விடையின் பொருள், மற்றது எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. தலை, உச்சி, தொடக்கம் என்றால் முதலெழுத்து. வால், கால், அடி என்றால் கடைசி. இடை, இதயம், நடு என்றால் நடுவெழுத்து. குழம்பி, கலைந்து, சிதறி என்றால் எழுத்துகளைக் கலைக்க வேண்டும். உள்ளே, மறைந்து என்றால் விடை குறிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. "உச்சி போன சிகரத்தில் கை (3)" என்று கொடுத்தால் சிகரத்தின் முதலெழுத்தை எடுத்துவிடுங்கள், கரம். "இடை மெலிந்த பயணத்தில் செல்வம் (3)" என்றால் பயணத்தின் நடுவிலிருந்து ய-வை எடுக்க வேண்டும், பணம்.

"திரும்பி", "தலைகீழாக" என்று வந்தால் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படிக்கச் சொல்கிறார்கள். அப்போது மெய்யில் முடியும் சொற்களைத் திருப்பிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், திருப்பினால் அது மெய்யில் தொடங்கும், தமிழில் அப்படி ஒரு சொல் கிடையாது. விகடகவி மாதிரி உயிர்மெய்யில் முடிவதுதான் திரும்பி வரும்.